காய்ந்த ஆறு காத்திருக்கிறது

குடியாத்தத்தின் ஊடாகச் செல்லும் கௌண்டன்யா ஆற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். தண்ணீரே ஓடாத ஆற்றிலிருந்து பிளாஸ்டிக் எப்படிக் கடலுக்குப் போகும் என்று கேட்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் கௌண்டன்யா போய்ச் சேரும் இந்தப் பாலாற்றுப் படுகை இதே நம்பிக்கையில் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டு வந்த இந்த வட்டாரத்தில் 1970-களுக்குப் பிறகு குரோமியப் பதனிடல் பரவியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கங்களில் கழிவுநீரை மணல் குடித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாததால் தொல்லை தீர்ந்தது என்றிருந்தோம். பிறகு கிணறுகள் கெட்டன, வயல்கள் உப்புப் பூத்தன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரி 30-இல் மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. மணல் எதையும் அழிப்பதில்லை, வாங்கி வைத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக்கையும் அது அப்படித்தான் வைத்திருக்கிறது. சீமைக்கருவேல முள்ளில் சிக்கிய கேரி பேக் சில கோடைகள் வெயிலில் கிடந்தபின் தொட்டாலே செதில் செதிலாக உதிரும். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த அந்தத் துணுக்குகள் மணலோடு கலந்து மழைக்குக் காத்திருக்கும். 2021 நவம்பரில் கௌண்டன்யாவின் குறுக்கே உள்ள மோர்தானா அணை நிரம்பி வழிந்து ஆற்றில் வெள்ளம் புரண்டது. பாலாற்று வெள்ளத்தை 1903-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். அந்தத் தண்ணீர் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடலில் சேர்ந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதி ஆறுகளை ஆராய்ந்தவர்கள், ஒரு பருவத்து வெள்ளம் ஆற்றடியில் படிந்திருந்த நுண்பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அடித்துச் சென்றதை 2018-இல் எழுதினார்கள். நம் ஆறு வேறு, மண் வேறு. அந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. படுகையில் சேர்ந்ததை வெள்ளம் வாரிச் செல்லும் என்பது மட்டும் எங்கும் ஒன்றுதான்.

சென்னையின் கூவத்துக்கு முன்னால் குடியாத்தத்தின் பங்கு எம்மாத்திரம் என்பார்கள். அளவில் சிறியதுதான். ஆனால் அன்றாடம் ஓடும் ஆற்றில் வலை கட்டியாவது குப்பையைத் தடுக்கலாம். மோர்தானா நிரம்பி வழியும் நாளில் கௌண்டன்யாவில் யாராலும் எதையும் தடுக்க முடியாது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் இருக்கும் தடை, முன்பே ஆற்றில் விழுந்ததை எடுத்துத் தராது. முழுப் பையாகக் கிடக்கும்போது கையால் பொறுக்கிவிடலாம், தூளான பிறகு முடியாது. ஆகவே குடியாத்தம் நகராட்சியும் கரையோர ஊராட்சிகளும் ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால், ஆறு காய்ந்திருக்கும்போதே, படுகையைச் சுத்தம் செய்ய வேண்டும்.