மையமற்ற செய்தி வலைப்பின்னல்களிற் சேவையகத் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

தொடர்பாடல் வரலாற்றை எழுதுவோர் கருவிகளைக் கண்டுபிடித்தோரையும் நெறிமுறைகளை வகுத்தோரையும் பற்றி விரிவாகக் கூறுவர். ஒரு வலைப்பின்னலுட் புதிதாகப் புகுந்தவர் எவ்வாயிலால் வந்தார், அவ்வாயிலை அவருக்குக் காட்டியவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஒரே நிறுவனத்தின் உடைமையாக அமையாது, பலர் தனித்தனியே நடத்தும் சேவையகங்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் வலைப்பின்னல்களைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் அடிப்படையானவை. புதியவருக்கு வழிகாட்டும் முறைகள் எவ்வாறு மாறிவந்தன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1971இல் றே ரொம்லின்சன் கணினிகளுக்கிடையே மின்னஞ்சல் அனுப்பிய காலந்தொட்டு நெடுங்காலம் இப்பிரச்சினை பெரிதாகத் தோன்றவில்லை. பல்கலைக்கழகமோ ஆய்வுகூடமோ தன் உறுப்பினருக்கு முகவரியை வழங்கியது. தெரிவு செய்யும் பொறுப்பு தனிமனிதரைச் சார்ந்திருக்கவில்லை. 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்கரினன் உருவாக்கிய ஐஆர்சி என்னும் உரையாடல் முறையிற் பயனர் ஒரு பட்டியலிலிருந்து சேவையகத்தைத் தெரிந்தார். ஆயினும் அத்தெரிவு பாரமானதன்று. ஒரே வலைப்பின்னலைச் சேர்ந்த எச்சேவையகத்தின் வழியாகவும் பொது உரையாடல் அறைகளை அடையலாம். ஒன்று செயலிழப்பின் மற்றொன்றை நாடலாம். பயனரின் பெயர் சேவையகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை.

1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் அறிவித்த ஜபர் இந்நிலையை மாற்றியது. இதன் நெறிமுறை 2004இல் எக்ஸ்எம்பிபி என்னும் பெயரில் இணையத் தரமாக வெளியிடப்பட்டது. மின்னஞ்சலிற் போன்றே இங்கும் பயனரின் முகவரியிற் சேவையகத்தின் பெயர் இடம்பெற்றது. எனவே சேவையகம் மூடப்படின் முகவரியும் உடன் மறையும். புதியவருக்குக் கிடைத்த வழிகாட்டலோ பெரும்பாலும் பொதுச் சேவையகங்களின் பெயர்ப்பட்டியலே. பட்டியல் பெயர்களைத் தரும். எதனை நம்பலாம் எனக் கூறாது.

இத்தகைய நிலையிற் பலர் பெரிய பெயரை நாடுவது இயல்பு. 2005இற் கூகிள் நிறுவனம் தனது ரோக் சேவையை இந்நெறிமுறையின் அடிப்படையில் தொடங்கி, 2006 ஜனவரியிற் பிற சேவையகங்களுடன் கூட்டிணைத்தது. ஆயின் 2013இல் அதற்குப் பதிலாக ஹாங்அவுட்ஸ் அறிமுகமானபோது அக்கூட்டிணைப்பு அதிற் சேர்க்கப்படவில்லை. பெரிய சேவையகம் விலகியபோது இழப்பு அதன் பயனரோடு நிற்கவில்லை; சிறிய சேவையகங்களிலிருந்து அவர்களோடு உரையாடியோரையும் அது தாக்கியது. ஒருவரின் தெரிவு பிறரையும் பாதிக்கும் என்பது இதனாற் புலனாகும்.

2016இல் ஜேர்மனியிலிருந்து ஒய்கன் றொச்கோ வெளியிட்ட மஸ்ரொடன் இதே பிரச்சினையை மீண்டும் எதிர்கொண்டது. மொழி, பிரதேசம், பொருள் என்பவற்றின்படி சேவையகங்கள் வகைப்படுத்தப்பட்டன. இவற்றினும் முக்கியமானது 2019இல் வகுக்கப்பட்ட சேவையக உடன்படிக்கையாகும். அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற விரும்புவோர் இனவாதம் முதலியவற்றுக்கு எதிராக முறையான கண்காணிப்பு நடத்தல், நாள்தோறும் காப்புப்பிரதி எடுத்தல், அவசர வேளையிற் செயற்படக்கூடிய இன்னொருவரை வைத்திருத்தல், மூடுவதற்கு 3 மாதங்களுக்கு முன்னர் அறிவித்தல் ஆகியவற்றுக்கு உடன்படல் வேண்டும். பெயர்ப்பட்டியல் இங்கே பொறுப்புப் பட்டியலாக மாறியது. அதே ஆண்டில் வெளிவந்த 3.0 பதிப்பு, தம்மைப் பின்தொடர்வோருடன் வேறு சேவையகத்துக்குப் பெயர வழிசெய்தது. பழைய பதிவுகள் மட்டும் பெயர்வதில்லை. தவறான தெரிவு இதனால் ஓரளவு திருத்தக்கூடியதாயிற்று.

2022 ஒக்டோபரில் ருவிற்றரை எலான் மஸ்க் கையேற்றபின் மஸ்ரொடனின் மாதாந்தப் பயனர் தொகை ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்ந்தது. வந்தோர் பலர் எதிர்கொண்ட முதல் வினா, 'எந்தச் சேவையகம்?' என்பதே. வலைப்பின்னலின் இயல்பையே அறியாதவர் இதற்கு எவ்வாறு விடையளிப்பார்? 2023 மே மாதத்தில் மஸ்ரொடன் செயலி, அதன் அமைப்பினரே நடத்தும் சேவையகத்தை முதற் தெரிவாக முன்வைத்தது. வேறொன்றை நாடும் வழியும் திறந்தே இருந்தது. வாயில் எளிதாயிற்று, ஆயின், பரவலாக்கலை நோக்கமாகக் கொண்ட வலைப்பின்னல் புதியவரை ஒரே இடத்திற் குவிப்பது முரணன்றோ என்னும் கண்டனமும் எழுந்தது.

அக்கண்டனம் நியாயமானதே. எனினும், எவ்வித வழிகாட்டலுமின்றிப் புதியவரை விடுவதைச் சுதந்திரம் எனல் பொருந்தாது. 2024 பெப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் நாட்டுக்குறியைக் கொண்ட 'குயியர்.ஏஎப்' என்னும் சேவையகத்தின் பெயரை அந்நாட்டு அதிகாரிகள் முடக்கினர். முகவரியின் இறுதியிலுள்ள ஈரெழுத்து எந்த அரசின் கையில் உள்ளது என்பதைப் புதியவர் தாமாக ஆராய்வார் என எதிர்பார்க்க முடியுமா?

எக்ஸ்எம்பிபி உலகில் இன்று சேவை வழங்குநரை வெளிப்படையான அளவுகோல்களால் வகுப்புகளாகப் பிரித்து, தகுதியுடையவற்றைச் செயலிகளே முன்மொழியச் செய்யும் முயற்சி நடைபெறுகின்றது. ஒரே சேவையகத்தை முன்னிறுத்தாது பலவற்றுக்கிடையே புதியவரைப் பகிர்வது இதன் சிறப்பு. ஆயின் அளவுகோலை வகுப்பவரும் ஓர் அதிகாரத்தைப் பெறுகின்றார் என்பதை மறத்தலாகாது. மையத்தை நீக்கிய வலைப்பின்னல்களில் அவ்வதிகாரம் பட்டியலாளரிடம் சென்று சேர்ந்துள்ளது. அவர் எக்காரணத்தால் ஒன்றைச் சேர்த்தார், மற்றொன்றை விலக்கினார் என்பது எல்லோரும் காணத்தக்கதாக இருக்கும் வரையே புதியவரின் தெரிவு அவரது தெரிவாக அமையும்.