புதுச்சேரியும் கனடாவும்



"30 தாண்டிட்டேன் மாமா, வருஷாவருஷம் வயசுக்கான பாயிண்ட் குறையுது. பிரெஞ்சு படிச்சா கனடா விண்ணப்பத்துல 50 பாயிண்ட் வரைக்கும் கூடுமாம். இங்கிலீஷ் பேசுற நாட்டுக்குப் பிரெஞ்சு எதுக்கு?" என்றாள் தங்கை மகள்.

1763 பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவைப் பிரிட்டனிடம் விட்ட பிரான்ஸ், 1761இல் பறிகொடுத்த புதுச்சேரியைத் திரும்பப் பெற்றது. (வகுப்பில் புதுச்சேரிக் கதையை மட்டும்தான் நடத்தினேன்!) ஆட்சி போனாலும் கியூபெக் மக்கள் மொழியை விடவில்லை. 1969இல் சட்டப்படி பிரெஞ்சும் ஆங்கிலத்துக்குச் சமமான ஆட்சிமொழியானது. கியூபெக்குக்கு வெளியே அதைப் பேசுவோர் விகிதம் குறைந்துவருவதால்தான் இந்தக் கூடுதல் பாயிண்ட்.

இப்போது தினமும் விடியற்காலையில் போனில் வினைச்சொற்களை ஒப்பிக்கிறாள். எனக்கு உச்சரிப்பு தெரியாது. புத்தகத்தை வைத்துக்கொண்டு, வரி விட்டுப்போனால் மட்டும் சொல்கிறேன்.