கண்ணும் கட்டைவிரலும்: ரெவரெண்ட் கேரி டேவிஸிடம் கிதார் கற்றவர்கள்

விரலால் மீட்டும் ப்ளூஸ் கிதாரைப் பயில வருபவர் கையில் இன்று முதலில் கிடைப்பது டேப்லேச்சர் தாள். ஆறு தந்திகளுக்கு ஆறு கோடுகள்; எந்த ஃப்ரெட்டில் அழுத்துவது என்பதற்கு ஓர் எண். 1960களில் நியூயார்க்கின் இளைஞர்கள் மூத்த கலைஞர்களைத் தேடிப்போய், கேட்டதை இப்படி எழுதிவைத்ததால்தான் அந்தக் கலை பிழைத்தது என்பார்கள். அது பாதி உண்மை. எழுத்தால் பிழைத்தவை உருப்படிகள். எதிரே உட்கார்ந்து கற்றவர்களுக்குக் கிடைத்தது வேறொன்று. ரெவரெண்ட் கேரி டேவிஸின் (1896–1972) மாணவர் வரிசை அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

டேவிஸ் தென் கரோலினாவின் லாரன்ஸில் பிறந்தவர். கைக்குழந்தைப் பருவத்திலேயே பார்வை போய்விட்டது. வட கரோலினாவின் டர்ஹாமில் தெருவில் வாசித்துப் பிழைத்தார். 1930களில் பாப்டிஸ்ட் போதகரானார். 1940களில் நியூயார்க் போய் ஹார்லம் தெருமுனைகளில் பாடினார். வலக்கையில் அவர் பயன்படுத்தியவை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே. ராக்டைம் பியானோவில் இடக்கை செய்யும் தாள வேலையை இங்கே கட்டைவிரல் செய்கிறது. ஆனால் அது கீழ்த்தந்திகளிலேயே அடங்கிக் கிடப்பதில்லை. வேகமான ஓட்டங்களில் ஆள்காட்டி விரலோடு மாறிமாறி மேல்தந்திகளுக்கும் ஏறும். மறுகணமே தாளத்துக்குத் திரும்பிவிடும். டேப்லேச்சர் எண்களைப் பார்த்தால் இடக்கை எங்கே இருந்தது என்று தெரியும். வலக்கை எந்த அழுத்தத்தோடு விழுந்தது, ஒலியை எப்போது அடக்கியது என்பதைப் பற்றி அந்த எண்கள் பேசுவதில்லை.

டர்ஹாமில் அவரிடம் கற்றவர் பிளைண்ட் பாய் ஃபுல்லர். ஆசிரியருக்கும் பார்வை இல்லை, மாணவருக்கும் இல்லை. அந்தப் பாடங்களில் விரலைப் பார்த்துப் போலச்செய்ய வழியே கிடையாது, செவியும் தொடுகையும்தான். 1935இல் இருவரும் நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்தார்கள். அந்த இசைத்தட்டுகளைக் கேட்டால் ஃபுல்லர் டேவிஸின் நகல் அல்லர் என்று உடனே புரியும். டேவிஸின் சிக்கலான பின்னல் அவரிடம் இல்லை. துள்ளும் கட்டைவிரல் இருக்கிறது. அதைக் கூத்துக்கும் கேலிப் பாட்டுக்கும் ஏற்றபடி அவர் திருப்பிக்கொண்டார். உருப்படியை விட்டுவிட்டு நடையை மட்டும் வாங்கிக்கொண்ட மாணவர் என்றே அவரைச் சொல்வேன்.

1960களின் மாணவர்கள் கண்ணோடு வந்தார்கள். ஸ்டீபன் கிராஸ்மன் பதின்ம வயதில் டேவிஸிடம் சேர்ந்தார். பாடத்துக்கு 5 டாலர். நேரக் கணக்கு கிடையாது, நாள் முழுக்க நீளும். கிராஸ்மன் ஒலிநாடாவில் பதிந்தார், எழுதினார். 1968இல் ‘தி கன்ட்ரி ப்ளூஸ் கிட்டார்’ நூலை வெளியிட்டார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் நியூயார்க்குக்குப் போக முடியாத ஆயிரமாயிரம் பேருக்கு இந்த இசை எட்டியிருக்காது. அதைச் சிறுமைப்படுத்துவது நன்றிகெட்டதனம். ஆயினும் தாளுக்கு வந்தபோது ஒன்று கழன்றுபோனது: குரல்.

டேவிஸ் போதகர். ப்ளூஸைப் பொதுமேடையில் பாட நெடுங்காலம் தயங்கியவர். 1935 பதிவுகளிலும் மிகப் பெரும்பாலானவை இறைப்பாடல்கள்தாம். ‘டெத் டோன்ட் ஹேவ் நோ மெர்சி’ போன்ற பாடல்களில் குரல் வரியின் நடுவே நின்றுவிடும். மீதிச் சொல்லைக் கிதார் சொல்லி முடிக்கும். சபையில் போதகர் ஒரு சொல்லை விட, மக்கள் அதை எடுத்துக்கொள்ளும் வழக்கம்தான் இங்கே தந்திக்கு இடம் மாறியிருக்கிறது. ‘மிஸ் கிப்சன்’ என்று கிதாருக்குப் பெயரிட்டு அழைத்தவருக்கு அது பக்கவாத்தியம் அன்று, பதில் சொல்லும் ஆள். அந்தப் பதிலை மட்டும் எண்ணாக எழுதி, கேள்வியை விட்டுவிட்டால் மிஞ்சுவது அழகான விரற்பயிற்சி. இன்று கேட்கக் கிடைக்கும் பல திறமையான வாசிப்புகளில் இந்தக் குறையை உணர்கிறேன்.

எதிர்வாதம் ஒன்று எழலாம்: நேரில் கற்றால்தான் நடை வரும் என்றால், கிதார் கலைஞர் ஜோர்மா கௌகோனனை எப்படி விளக்குவது? அவர் டேவிஸின் பாடல்களை ஓஹையோவின் ஆன்டியாக் கல்லூரியில் இயன் புக்கானன் என்ற வாசிப்பாளரிடம் கற்றவர். கட்டைவிரலோடு இரண்டு விரல்கள் சேர்த்து மீட்டுகிறார். டேவிஸின் விரல்முறை அதிலேயே மாறிப்போகிறது. இருந்தும் 1970இல் வந்த ‘ஹாட் டூனா’ தொகுப்பில் அவருடைய ‘ஹெசிடேஷன் ப்ளூஸ்’ வாசிப்பைக் கேளுங்கள். குரலும் கிதாரும் ஒன்றையொன்று விட்டு நகர்வதில்லை. இது என் வாதத்தைக் கெடுக்கவில்லை, திருத்துகிறது. டேவிஸின் முன்னே உட்கார்ந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பாடிக்கொண்டே வாசிக்கும் ஒருவர் முன்னே உட்கார்ந்தால் போதும். விரல் எண்ணிக்கை மாறலாம். பாடாந்தரம் என்று நாம் சொல்வது குரல் வழியாகவே வந்து சேர்கிறது.

கிராஸ்மன் 1962 முதல் 1967 வரை டேவிஸின் வீட்டிலும் தேவாலயத்திலும் பதிந்த ஒலிநாடாக்கள் இப்போது வெளியாகியிருக்கின்றன. அதே பாடங்களிலிருந்து பிறந்த தாள்களைவிட இவை நிறைவான பாடநூல் என்பது என் துணிபு. பயில்பவர் கிதாரை உறையிலேயே விட்டுவைத்து முதலில் பாட்டைப் பாடிப் பழகட்டும். டேவிஸின் குரல் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று தன் தொண்டையால் கண்டறிந்த பிறகு, அந்த இடத்தில் கட்டைவிரலை வைக்கட்டும்.