சத்தம் கூடுகிறது, பேச்சு விளங்கவில்லை: லயன் காம்பராவில் ஒரு ஹோம் தியேட்டர்

கடந்த தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஒரு 5.1 ஹோம் தியேட்டர் செட் வாங்கி வந்தேன். பெரிய வூஃபர் பெட்டி ஒன்று, சின்னப் பெட்டிகள் ஐந்து, ஒரு ரிமோட். எங்கள் பக்கம் இதை இன்னமும் ‘பஃபல் செட்’ என்றுதான் சொல்வார்கள். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, அன்றிரவே மாட்டிப் படம் போட்டோம். பாட்டு வந்தபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. சண்டை வந்தபோது அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அரை மணித்தியாலத்தில் அப்பா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

“என்ன பேசுறானுகன்னே வெளங்கல. நீங்க பாருங்க.”

நான் சத்தத்தைக் கூட்டினேன். சற்று நேரத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா இஸ்தோப்பில் வந்து நின்றார். “தம்பி, கொஞ்சம் கொறைங்க. புள்ளைக்குச் சோதனை இருக்கு.” அவருடைய மகள் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்தில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை போவதில்லை. எங்கள் வீட்டில் இருமினால் அங்கே கேட்கும்.

கூட்டினால் அந்தப் பிள்ளை படிக்க முடியாது. குறைத்தால் அப்பா அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருப்பார். அதன்பின் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டினேன். கையில் அகப்பட்டதை வாசித்தேன், பெட்டிகளை இடம் மாற்றிப் பார்த்தேன், வயரை அறுத்து ஒட்டினேன். இதே பிரச்சினை மலையகத்தில் பல வீடுகளில் இருக்கிறது என்பதால், செய்ததையும் அதற்கான காரணத்தையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பேச்சு விளங்குவதற்கு எந்த ஒலி தேவை? கால், பால், வால், சால். இந்த நான்கு சொற்களிலும் ‘ஆல்’ என்ற பகுதி ஒன்றுதான். முதலில் வரும் மெய்யொலி ஒரு கணம்தான் ஒலிக்கிறது, ஆனால் பொருளைப் பிரிப்பது அதுதான். உயிரொலியின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. மெய்யொலிகளை அடையாளம் காட்டும் நுணுக்கம் ஏறக்குறைய 2000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையில், மிக மெல்லிய சத்தமாக இருக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அதில் ‘டும்’ என்ற அதிர்வு துளியும் கிடையாது. ஆனாலும் சவூதியிலிருந்து சித்தி பேசியது ஒரு சொல் தப்பாமல் விளங்கியது.

இலங்கை வானொலியை மத்திய அலையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் பேசியது ஒற்றை ஸ்பீக்கர் உள்ள சின்னப் பெட்டியில், தகரக் கூரைக்குக் கீழேயும் கணீரென்று வந்தது. அந்தப் பெட்டியில் பேஸ் இல்லை. அது ஒரு குறை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வூஃபரின் தடித்த ஒலி பலமாக இருக்கும்போது, அதற்கு மேலேயுள்ள மெல்லிய ஒலிகளைக் காது பிரித்தறிவது குறைந்துபோகிறது. கீழ் ஒலி மேல் ஒலியை மறைப்பதுதான் அதிகம், மேல் ஒலி கீழ் ஒலியை அந்தளவுக்கு மறைப்பதில்லை. ஆகவே வொல்யூமைக் கூட்டும்போது பேச்சு மட்டும் கூடுவதில்லை. பேச்சை மூடுவதும் சேர்ந்து கூடுகிறது.

அப்பாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் பக்கம் பல வருடம் வேலை செய்தவர். 85 டெசிபெல் சத்தத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் வருடக்கணக்கில் நின்றால் செவிப்புலன் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில். மெய்யொலிகள் இருக்கும் அதே இடம். வயதானால் குறைவதும் உச்ச ஒலிகளிலிருந்துதான் தொடங்குகிறது. இப்படிப்பட்டவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. “காது நல்லாத்தான் கேக்குது” என்று அப்பா சொன்னது பொய்யில்லை. உங்கள் வீட்டில் யாராவது செய்தி கேட்கவும் வொல்யூமை ஏற்றச் சொன்னால், ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன் ஆஸ்பத்திரியில் காதைக் காட்டுங்கள். சில வேளை குறும்பியை எடுத்தாலே தீர்ந்துவிடும்.

இனி செட்டுக்கு வருவோம். நான் கண்டுபிடித்த முதல் பிழை என்னுடையது. வலது பக்கப் பெட்டிக்கு வயர் எட்டவில்லை என்று அறுத்து நீட்டியிருந்தேன். நீட்டும்போது கோடு போட்ட கம்பியையும் கோடில்லாத கம்பியையும் மாற்றி முறுக்கிவிட்டேன். அப்படிச் செய்தால் இடது பெட்டியின் கூம்பு முன்னுக்கு வரும்போது வலது பெட்டியின் கூம்பு பின்னுக்குப் போகும். இரண்டிலும் சமமாக வரும் ஒலி நடுவில் ஒன்றையொன்று அழிக்கும். படத்தில் இரு பக்கமும் சமமாக வருவது எது? பேச்சுத்தான். பாட்டும் வெடியும் ஓரளவு தப்பிவிடும், பேச்சு வெளிறிப்போகும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். செய்தியைப் போட்டு, இரண்டு முன் பெட்டிகளுக்கும் நடுவில் உட்காருங்கள். வாசிப்பவரின் குரல் நடுவில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் தலையைச் சுற்றிப் பரவினால் ஒரு பக்க வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரிமோட்டில் உள்ள ‘சரவுண்ட்’, ‘3டி’ பொத்தான்களையும் அணைத்துவிடுங்கள். அவற்றில் பல, இடது வலது ஒலிகளின் வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டுபவை. பேச்சில் அந்த வித்தியாசம் இல்லை.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் மனவருத்தம் தருவது. 5.1 என்று பெட்டியில் போட்டிருந்தாலும், டீவியிலிருந்து சிவப்பு, வெள்ளை என்று இரண்டு வயரால் இணைத்தால் உள்ளே போவது இரண்டு தட ஒலி மட்டுமே. அதை ஐந்து பெட்டிகளுக்கும் செட் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. உண்மையான 5.1 ஒலியில் பேச்சுக்கென்று நடுத் தடம் ஒன்று தனியாக இருக்கிறது. அது கிடைக்க எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. அல்லது ஆப்டிகல் இணைப்பு வேண்டும், செட்டுக்கு டால்பி ஒலியைப் பிரிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். எங்களுடையதற்குத் தெரியாது. அப்படியானால் படம் ஓடும் செயலியிலோ டீவியிலோ ஒலியை 5.1 என்பதற்குப் பதிலாக ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பி.சி.எம்.’ என்று வைப்பதுதான் சரி. நடுத் தடம் முறையாக இரு பக்கமும் கலந்து வரும்.

பின்னாலிருந்த இரண்டு பெட்டிகளையும் கழற்றிவிட்டேன். முன்னால் வரும் பேச்சையே அவை பின்னாலும் பேசிக்கொண்டிருந்தன. தம்பிக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதை மாட்டாமல் வைப்பதா என்றான். பத்து நிமிடம் மாட்டியும் மாட்டாமலும் போட்டுக் காட்டினேன். பிறகு பேசவில்லை.

நடுப் பெட்டியை நான் கூரைக்குக் கிட்ட, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் உச்ச ஒலி டோர்ச் வெளிச்சம் மாதிரி, நேராகப் போகும். பெட்டி உங்கள் காதைப் பார்க்க வேண்டும். டீவிக்குக் கீழே இறக்கி, முன்பக்கத்தைச் சற்று மேலே தூக்கினாற்போல் ஒரு மரத்துண்டில் வைத்தேன். மெல்லிய டீவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதும் இதே குறைதான்.

வூஃபரை மூலையில் வைத்தால் பலம் கூடும் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், சிக்கலும் அதுதான். எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. பன்னிரண்டு அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் அளவிலும், பத்து அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் அளவிலும் அறையே சேர்ந்து முழங்கும். மூலை இரண்டையும் தட்டி எழுப்பும். மூலையும் பக்கத்துக் காம்பராச் சுவரும் ஒன்றாக இருந்தால் அந்த வீட்டுக்கும் வூஃபர் வாங்கிக் கொடுத்த மாதிரி. மூலையை விட்டு, அந்தச் சுவரையும் விட்டுத் தள்ளி, பழைய ரப்பர் மெத்தைத் துண்டின்மேல் வைத்தேன். பேஸைப் பாதிக்கும் கீழே குறைத்து, ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டினேன். பக்கத்துக் காம்பரா அக்காவுக்குக் கிடைத்த நிம்மதியில் பெரும்பங்கு இந்த ஒன்றால்தான்.

அடுத்தது எதிரொலி. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் விளங்கவில்லை. ஒரு சத்தம் அடங்க 5.5 செக்கன் எடுத்தது. வாலஸ் சபீன் என்ற இளம் பௌதிக ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பி, அடங்கும் நேரம் எவ்வளவு குறைகிறதென்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறை அப்படித்தான் தொடங்கியது. நாங்கள் கம்பளியைப் பயன்படுத்தினோம். மழையில் கொழுந்து பறிக்கப் போட்டுக்கொள்ளும் அந்தத் தடித்த கம்பளிதான். உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில் இரண்டைச் சுவருக்குச் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டேன், சீமெந்துத் தரையில் பாயை விரித்தேன். கை தட்டினால் வந்த ‘டணார்’ என்ற ஒலி போய்விட்டது. வூஃபரின் முழக்கத்துக்குக் கம்பளியால் ஒன்றும் ஆகாது, அதற்கு இடம் மாற்றுவதுதான் வழி. ஏழு பேர்ச் காணியில் கட்டிய புதிய தனி வீடுகளுக்குப் போனவர்களுக்குப் பக்கத்து வீட்டுத் தொல்லை குறைவு. ஆனால் வெறும் பூச்சுச் சுவரும் டைல் தரையும் உள்ள அறை லயத்தைவிட மோசமாக எதிரொலிக்கும்.

மழைக்கு மட்டும் மருந்தில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று எங்கள் பக்கத்தைத்தான் அடிக்கிறது. நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை ஹட்டனுக்குக் கிட்டத்தான். தகரத்தில் விழும் மழை எல்லா அலைவரிசையிலும் ஒரேயடியாக இரைகிறது, மெய்யொலிகள் அதில் கரைந்துபோகின்றன. சீலிங் அடித்தால் கொஞ்சம் குறையும். பெருமழை என்றால் நாங்கள் படத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறோம்.

குறை முழுவதும் நம் வீட்டில்தான் என்றும் இல்லை. படங்களே தியேட்டருக்கென்று, மெல்லிய பேச்சும் பெருத்த வெடியுமாகக் கலக்கப்படுகின்றன. 2020இல் வந்த ‘டெனெட்’ படத்தில் வசனம் விளங்கவில்லை என்று உலகம் முழுக்க முறைப்பாடு எழுந்தது. பெரிய சத்தத்தை அமுக்கிச் சின்னச் சத்தத்தை உயர்த்தும் ‘நைட் மோட்’ உங்கள் டீவியிலோ செட்டிலோ இருந்தால் போடுங்கள். ஒலி ரசிகர்கள் திட்டுவார்கள், லயத்தில் அது உதவும்.

இத்தனையும் செய்தபின் எனக்கும் அம்மாவுக்கும் எல்லாம் விளங்கியது. அப்பாவுக்குப் பாதிதான். கடைசியில் செய்தது மிக எளிமையானது. நடுப் பெட்டியின் வயரை நீட்டி (இம்முறை கோட்டைப் பார்த்து), அவர் கதிரைக்குப் பக்கத்து ஸ்டூலில் காது உயரத்துக்கு வைத்தேன். ஒன்பது அடியிலிருந்து மூன்று அடிக்கு வந்தால் நேரடி ஒலி திறந்தவெளிக் கணக்கில் 9 டெசிபெல்லுக்கும் மேல் கூடுகிறது. அறையின் எதிரொலி கூடுவதில்லை, பக்கத்து வீட்டுக்கும் கூடுவதில்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் முயன்றேன். ஒலி பிந்தி வந்து உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஆனது. வயர்தான் நல்லது.

இப்போது மொத்த வொல்யூம் முன்னர் வைத்ததில் பாதிகூட இல்லை. கதாநாயகன் அப்பாவின் அக்குளிலிருந்து பேசுகிறான் என்று தம்பி இன்னும் சிரிக்கிறான். அப்பா அதைக் கண்டுகொள்வதில்லை. போன மாதம் ஒரு படம் முடியுமட்டும் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த வில்லன் கடைசியில் சொன்ன பொய்யை எங்களில் யார் கவனித்தோம் என்று கேட்டார். எனக்கு அது தப்பிப்போயிருந்தது.