ஆற்றுக்கால் பொங்காலையும் நம் வீட்டு நோன்பும்

நமது அங்கத்தினர்களில் திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்து, பின்னர் சென்னை, மும்பை, பெங்களூரு என்று குடியேறியவர்கள் அநேகர். மாசி மாதம் தொலைக்காட்சியில் ஆற்றுக்கால் பொங்காலையைப் பார்த்துவிட்டு, "நம் சின்ன வயதில் இவ்வளவு இல்லையே, இது எப்படி இப்படி வளர்ந்தது?" என்று என்னிடம் கேட்பார்கள். கரமனை அக்ரஹாரத்தில் வளர்ந்தவன், அரசாங்க உத்தியோகத்தில் ஜில்லா முழுவதும் சுற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் உத்தியோக காலத்து நினைவு ஒன்று. 1980களில் வேலை நிமித்தமாக விதுரா பக்கம் அடிக்கடி போவேன். அங்கிருந்து பொன்முடி செல்லும் பாதையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் ஊர் கல்லாறு. பெயருக்கேற்ப ஆறு முழுவதும் உருண்டைப் பாறைகள். பொங்காலைக்கு முந்தின நாள் அங்கே பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. புது மண்பானை, அரிசி, வெல்லம், தேங்காய், ஒரு கட்டுக் காய்ந்த தென்னம்பாளை எல்லாவற்றையும் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு பெண்கள் நெடுமங்காடு வழியாக நகரத்துக்கு இறங்குவார்கள். அன்று ஒருபொழுது. மறுநாள் நிவேத்யம் ஆகும்வரை உபவாசம். மலையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இப்படி வந்து தெருவில் சமைக்க வேண்டுமென்றால், அந்த அம்மனிடம் என்ன இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

ஸ்ரீ பத்மநாப ஸ்வாமி கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில், கிள்ளியாற்றின் கரையோரம் ஆற்றுக்கால். மதுரையை எரித்த கண்ணகி கன்யாகுமரி வழியாகக் கொடுங்கல்லூருக்குப் போகையில் இங்கே தங்கினாள் என்பது ஐதீகம். முல்லுவீடு என்ற தறவாட்டுப் பெரியவரிடம் ஒரு சிறு பெண் வந்து ஆற்றைக் கடத்திவிடச் சொன்னாளாம். வீட்டுக்கு அழைத்துப்போனால் ஆளைக் காணோம். அன்றிரவு கனவில் தோன்றி, காவில் மூன்று கோடுகள் தெரியும் இடத்தில் தன்னைப் பிரதிஷ்டை செய்யும்படி சொன்னாள் என்கிறார்கள்.

இதைச் சரித்திரமாக நிரூபிக்க முடியாது. ஆனால் கண்ணகி வழிபாடு பழமையானது என்பதில் ஐயமில்லை. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்ததையும், இலங்கைக் கயவாகு மன்னன் அதில் சம்பந்தப்பட்டதையும் சிலப்பதிகாரம் சொல்கிறது. மகாவம்சத்தில் கஜபாகு உண்டு, கண்ணகி பற்றிப் பேச்சில்லை. ஆயினும் சிங்களவர் அவளைப் பத்தினி தெய்வமாக இன்றும் கும்பிடுகிறார்கள். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் பெரிய விழா. கடல் தண்ணீரில் விளக்கெரிப்பது அங்கே விசேஷம். மட்டக்களப்புக் கோயில்களில் கண்ணகியின் கதையைப் பாடித் திருக்குளிர்த்தி செய்கிறார்கள். எரித்தவளைக் கதை சொல்லிக் குளிர வைப்பது, அவளுக்குப் பொங்கிப் படைப்பது. கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் சம்பிரதாயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆற்றுக்காலில் திருவிழா பத்து நாள். அம்மனுக்குக் காப்புக் கட்டியதும் பந்தலில் தோற்றம் பாட்டு தொடங்கும். அது கண்ணகியின் சரித்திரமேதான், மலையாளப் பாட்டாக. ஒன்பதாம் நாள், கும்ப மாதப் பூர நட்சத்திரத்தன்று காலை, பாண்டியன் வதம் ஆகும் கட்டத்தைப் பாடி முடித்ததும் தந்திரி கர்ப்பக்ருஹத்திலிருந்து தீபம் எடுத்துத் தருவார். அதைக் கொண்டு மேல்சாந்தி மடைப்பள்ளி அடுப்பைப் பற்றவைப்பார். பிறகு வெளியில் உள்ள பண்டார அடுப்பு. அதிலிருந்து பக்கத்து அடுப்பு, அதிலிருந்து அடுத்தது என்று தெருத் தெருவாக நெருப்பு கைமாறிப் போகும். மூன்று செங்கல், ஒரு பானை, அவ்வளவுதான் சாமான். பச்சரிசி நன்றாக வெந்த பிறகுதான் வெல்லம் சேர்ப்பார்கள். முன்னாலேயே போட்டால் அரிசி சரியாக நீரை இழுக்காது, விறைத்துவிடும். ரசாயனம் படிக்காமலே நம் பாட்டிகளுக்கும் இது தெரியும். சர்க்கரைப் பாயசம், வெள்ளைப் பாயசம், இலையில் பொதிந்து ஆவியில் வேகும் தெரளி அப்பம், தலைவலி நீங்க வேண்டிக்கொள்ளும் மண்டைப்புட்டு என்று வகைகள் உண்டு. பிற்பகலில் சாந்திக்காரர்கள் வந்து தீர்த்தம் தெளிப்பதே நிவேத்யம். அதன் பிறகுதான் வாயில் தண்ணீர்.

1997இல் 15 லட்சம் பெண்கள், 2009இல் 25 லட்சம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. எனக்குக் கணக்குப் போடும் வியாதி உண்டு. ஓர் அடுப்புக்கு ஒரு சதுர மீட்டர் என்றால், 10 மீட்டர் அகலமுள்ள சாலை 250 கிலோமீட்டர் நீளத்துக்கு வேண்டும்! நகரத்தின் ஜனத்தொகையே அப்போது பத்து லட்சத்துக்குள்தான். எண்ணிக்கையை நான் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். கோயிலைச் சுற்றி அடங்கியிருந்த அடுப்புகள் இன்று நகரத்துப் பிரதான சாலைகளை எல்லாம் அடைத்துவிட்டன என்பதைக் கண்ணாலேயே பார்த்தாயிற்று. மணக்காடு பள்ளிவாசலில் இவர்களுக்குத் தண்ணீரும் இடமும் தருகிறார்கள்.

இதே நகரத்தில் இன்னொரு பெரிய சமையலும் இருந்தது. திருவிதாங்கூர் அரசு பிராமணர்களுக்காக நடத்திய ஊட்டுப்புரைகளும், பத்மநாப ஸ்வாமி கோயிலை ஒட்டிய அக்ரசாலையும்தான் அவை. நம் முன்னோர்கள் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் இங்கு வந்து வேரூன்றியதில் அந்த இலைக்கும் ஒரு பங்குண்டு. ஒளித்துப் பயனில்லை. கஜானாவிலிருந்து அரிசி, சமைத்தது ஆண்கள், சாப்பிட்டது நாம். 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வரும்வரை பெரும்பாலான ஜனங்களுக்கு அரசுக் கோயில்களின் உள்ளேயே இடமில்லை. ஊட்டுப்புரைகள் போய்விட்டன. செங்கல் அடுப்பு பெருகிவிட்டது.

நம் வீட்டுப் பெண்கள் பொங்காலைக்குப் போக வெகுகாலம் தயங்கினார்கள். மடியாகச் செய்யும் நைவேத்யத்தைத் தெருவில் யாரோடோ உட்கார்ந்து செய்வதா என்பதே கேள்வி. நமக்கு அந்தப் பருவத்தில் இருக்கவே இருக்கிறது காரடையான் நோன்பு. மாசியும் பங்குனியும் கூடும் நேரம்வரை பட்டினி, பிறகு வெல்ல அடை, உப்பு அடை, சரடு. 2025இல் பொங்காலை மார்ச் 13, நோன்பு மார்ச் 14. இரண்டுமே பெண்களின் உபவாசம், வெல்லமும் அரிசியும். ஆனால் நோன்பு சாவித்திரியினுடையது. அவள் கணவனை மீட்டவள். கணவனை இழந்தவளுக்கு அந்தச் சரடு இல்லை.

என் தகப்பனார் 1983இல் காலமானார். அந்த மாசியிலும் அடுத்த மாசியிலும் எங்கள் வீட்டில் மன்னி அடை தட்டும்போது அம்மா கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நான் உட்பட.

1985 மாசியில், "ஆற்றுக்காலுக்குப் போயிட்டு வரேண்டா" என்றாள். அத்தைக்குக் கோபம். "கண்டவா அடுப்பிலேர்ந்து நெருப்பு வாங்கியா ஸ்வாமிக்குப் பொங்கறது?" என்றாள். அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. "அக்னிக்குப் பாவகன்னு பேர் வெச்சிருக்காளே, அவனையே தீட்டும்பியா?" என்று கேட்டுவிட்டுப் பானையை எடுத்துக்கொண்டாள். நான் கூடப் போய்த் தெரு முனையில் விட்டுவிட்டு வந்தேன். அங்கே ஜாதியோ, சுமங்கலியா இல்லையா என்றோ ஒருவரும் கேட்கவில்லையாம். கேட்கவும் முடியாதே. உள்ளே இருக்கும் கண்ணகியே கணவனைப் பறிகொடுத்தவள் அல்லவா.

சாயங்காலம் முகமெல்லாம் கரியோடு வந்தாள். பக்கத்து அடுப்புக்காரி ஓலையைக் கொளுத்தி நெருப்புத் தந்ததோடு, அம்மா ஊதத் தெரியாமல் திண்டாடியபோது விறகையும் அடுக்கிக் கொடுத்தாளாம். "எந்த ஊர்?" என்று கேட்டேன். "கல்லாறாம், பொன்முடி போற வழியாம். உனக்குத் தெரியுமோ?" என்றாள். அத்தைக்கும் ஒரு கிண்ணம் பாயசம் வைத்தாள். அன்று அத்தை தொடவில்லை. மறுநாள் கிண்ணம் கழுவி வைத்திருந்தது.

அம்மா அதன் பிறகு பதினோரு வருஷம் போனாள். இரண்டாவது வருஷம் கொஞ்சம் தாமதித்துத்தான் கிளம்பினோம். இடம் கிடைக்காது என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அந்தக் கல்லாற்று அம்மாள் முந்தின நாளே வந்து, தன் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று செங்கல் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்து வைத்திருந்தார்.