பிரம்பும் இனக்குணமும்

"வெள்ளைக்காரன் தன் பிள்ளையைத் தொட்டு அடிக்கமாட்டான், நம் பிள்ளைகளுக்கோ அடி விழுந்தால்தான் புத்தி வரும்." எங்கள் ஆலங்குளம் வட்டாரத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நாலு பேர் கூடி அமர்ந்தால் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சிவகாசி அருகில் இருப்பதால் இதற்கு ஓர் உடன்பேச்சும் உண்டு. நேரு அந்நகரைக் 'குட்டி ஜப்பான்' என்று அழைத்தார் என்பதில் நம்மவர்க்குப் பெருமை. ஜப்பானியர் உழைப்பாளிகளாய் இருப்பது சிறுவயதிலேயே அடித்து வளர்க்கப்பட்டதால்தான் என்று ஒரு காரணமும் அப்பெருமையோடு ஒட்டிக்கொள்ளும். இரு பேச்சிலும் ஒரு முழு இனத்தின் குணம் பிரம்பால் அளக்கப்படுகிறது.

வரலாறு இவ்விரண்டையும் ஒப்பவில்லை. இங்கிலாந்தின் ஈட்டன் போன்ற உயர்குடிப் பள்ளிகளில் பிரபுக்களின் பிள்ளைகளே அடிபட்டு வளர்ந்தனர். அங்கே அரசுப் பள்ளிகளில் பிரம்பை விலக்கிய சட்டம் 1986இல் இயற்றப்பட்டு, 1987இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானோ 1879ஆம் ஆண்டின் கல்விக் கட்டளையிலேயே மாணவரை அடித்தலும் கட்டிவைத்தலும் கூடாது என எழுதிவிட்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை உறுதி செய்தது. ஏட்டில் எழுதியதால் எல்லார் கையும் ஓய்ந்துவிடவில்லை என்பது வேறு செய்தி. விளையாட்டுப் பயிற்சியில் அடிக்கும் வழக்கம் அங்கே அண்மைக்காலம் வரை நீடித்தது. ஆக, வெள்ளையர் அடியாதவரும் அல்லர். ஜப்பானியர் அடியால் ஆனவர் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

பிரம்பையும் இனக்குணத்தையும் ஒருசேர எடுத்து ஆராய்ந்தவர் ஒருவர் நம் மரபில் உண்டு. தூனிஸில் 1332இல் பிறந்த அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களே அவர். 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்க்குக் கேடு என்பதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் வகுத்தார். அடக்குமுறையால் வளர்க்கப்படும் சிறுவனின் உள்ளம் சுருங்குகிறது, ஊக்கம் மடிகிறது, சோம்பல் குடிபுகுகிறது. மேலே பாயக் காத்திருக்கும் கைக்கு அஞ்சி, மனத்தில் இல்லாததை வாயால் சொல்லக் கற்கிறான். பொய்யும் சூதும் முதலில் அவனுக்குக் கேடயம். நாளடைவில் அவையே சுபாவம். தன்னையும் தன் வீட்டையும் தானே காக்கும் ஆண்மை போய்ப் பிறரைச் சார்ந்து வாழ்பவனாகிறான் என்பது அவர் கண்ட முடிவு.

இவ்வளவோடு அவர் நின்றிருந்தால் நல்லதொரு கல்வியாளர் என்றே நினைக்கப்பட்டிருப்பார். அடுத்த அடியில் வகுப்பறையை விட்டு வெளியேறி, கொடுங்கோலின் கீழ் வீழ்ந்த ஒவ்வொரு சமூகத்துக்கும் நேர்வது இதுவே என்கிறார். யூதரைச் சான்று காட்டி, அவர்கள்மேல் ஏற்றப்படும் குணக்கேட்டுக்குக் காரணம் அவர்கள் பட்ட அடக்குமுறையே என்கிறார். ஓர் இனத்தைப் பற்றிய வசைச்சொல் உண்மைதானா என்று அவர் கேட்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வேறோர் இடத்தில் கறுப்பின மக்களின் இயல்புக்குத் தட்பவெப்பத்தைக் காரணமாக்கியவரும் அவரே. எனினும், இனக்குணம் எனப்படுவது இரத்தத்தில் பிறப்பதன்று, ஆள்பவன் கையிலிருந்து வருவது என்ற சிந்தனை அவ்வத்தியாயத்தில் தெளிவாக நிற்கிறது.

அதே அத்தியாயத்தில் ஹாரூன் ரஷீத் தம் மகன் அமீனின் ஆசிரியர்க்குச் சொன்ன அறிவுரையையும் எடுத்தாள்கிறார்: பிள்ளையைத் துயரப்படுத்தாமல் கற்பி, இயன்றவரை அன்பால் திருத்து, அதற்கும் இணங்காவிடில் கண்டிப்புக் காட்டு என்பது அதன் சாரம். (அமீன் பின்னாளில் உடன்பிறந்தான் மஃமூனோடு போரிட்டு 813இல் மாண்ட கதையை நினைத்தால், அறிவுரை எவ்வளவு பலித்தது என்று சொல்வது கடினம்!)

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளுக்கு வருவோம். சென்னை ஆளுநர் மன்றோவின் ஆணைப்படி பல்லாரி கலெக்டர் கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கையில் ஒரு காட்சி: காலையில் முதலில் வரும் மாணவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர், இரண்டாமவன் கையில் ஒரு சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, பின்வருவோர்க்கு ஒவ்வொன்றாய்க் கூடும். சோம்பேறியைக் கூரையில் கட்டித் தொங்கவிடுவதையும் அவர் குறிக்கிறார். 'கோதண்டம்' என்று நம் பாட்டன்மார் அறிந்திருந்தது அதுவே.

இம்மக்களை எடைபோட்ட மெக்காலே, வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றிய 1841ஆம் ஆண்டுக் கட்டுரையில், வஞ்சகமே வங்காளியின் இயற்கை ஆயுதம் என்றார். அவன் நெடுங்காலம் மிதிபட்டவன் என்பதையும் சொல்லிவிட்டு, அதில் நில்லாமல், உடலமைப்பிலும் புழுக்கத்திலும் விடை தேடினார். இப்னு கல்தூன் நின்று ஆராய்ந்த இடத்தை இவர் கடந்து போனார். இந்த மனப்போக்கே சட்டமானபோது, 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. நமக்கு அண்டையிலுள்ள மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதியப்பட்டனர். கைரேகை தர மறுத்த பெருங்காமநல்லூரில் 1920இல் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். 1947இல்தான் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது.

பள்ளியில் மாணவரை அடிப்பதைத் தமிழக அரசு 2003இல் விலக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுதும் தடுத்தது. ஆனால் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மதரஸாக்களும் வேத பாடசாலைகளும் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. சிறுவரைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி எங்கும் குற்றமே. என்றாலும், நம் மக்தபின் அன்றாடப் பிரம்பு பெரும்பாலும் நம் மனச்சாட்சியிடமே விடப்பட்டுள்ளது.

பத்து வயதில் தொழாத பிள்ளையை அடிக்கச் சொல்லும் ஹதீஸைப் பலர் எடுத்துக்காட்டுவர். அந்த அடி காயப்படுத்தாததாக இருக்கவேண்டும், முகத்தில் படலாகாது என்று ஃபுகஹாக்கள் வரையறுத்ததை அவர்கள் சொல்வதில்லை. பத்தாண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை என்பதும் நினைவுக்கு வருவதில்லை. 870இல் மறைந்த கைரவான் அறிஞர் இப்னு ஸஹ்னூன், ஆசிரியர்க்குரிய ஒழுக்க நூலில் மூன்று அடி என வரம்பிட்டார். அதற்குமேல் தந்தையின் அனுமதி வேண்டும் என்றார்.

துருக்கியில் பிள்ளையைச் சேர்க்கும் தந்தை, "சதை உமக்கு, எலும்பு எமக்கு" என்பாராம். நம் அத்தாமார் சொல்வது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஹஜ்ரத்!" இப்னு ஸஹ்னூன் காவலாக வைத்த அனுமதியை இவர்கள் சேர்க்கும் நாளிலேயே கேளாமல் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.