சென்னை – போர்ட் பிளேர்: விமான தூரம், பயண நேரம், இஃப்தார் நேரம்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் அந்தமானில் உறவினர் உள்ள குடும்பங்கள் ஏராளம். அங்கே ஒரு மவ்த் என்றால் முதல் கேள்வி, "ஜனாஸாவுக்குப் போய்ச் சேர முடியுமா?" என்பதுதான்.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வீர் சாவர்க்கர் விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 1,370 கி.மீ., அதாவது 740 கடல் மைல். சில பயணக் குறிப்புகளில் 1,190 கி.மீ. என்று இருக்கும், அது சரியல்ல. இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் சுமார் 12.5 பாகை. இந்த அட்சரேகையில் ஒரு பாகை 109 கி.மீ. அளவு வரும். பெருக்கிப் பார்த்தால் போதும்.

பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணி அளவு. ஏறுதல், இறங்குதல், ஓடுபாதையில் காத்திருத்தல் எல்லாம் சேர்த்து அட்டவணையில் 2 மணி 5 நிமிடம் முதல் 2 மணி 20 நிமிடம் வரை போடுகிறார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் ஏறக்குறைய 60 மணி நேரம். கப்பல் தினமும் கிடையாது. கட்டணம் குறைவு, சாமான் நிறைய கொண்டுபோகலாம். ஆனால் ஜனாஸாவுக்கு அது உதவாது. விமானங்களும் பெரும்பாலும் காலையிலும் பகலிலுமே என்பதால், மாலையில் செய்தி வந்தால் மறுநாள்தான் கிளம்ப முடியும். அடக்கத்தைத் தாமதிக்கச் சொல்லும் முன் இதைக் கணக்கில் எடுப்பது நல்லது.

வடசென்னைக்காரர்களுக்கு விமானத்தைவிட மீனம்பாக்கம் போவதே பெரும்பாடு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். விடிகாலை விமானத்துக்கு மெட்ரோவை நம்ப வேண்டாம்.

நோன்பாளிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றே, சூரியன் ஒன்றல்ல. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்தது. சென்னை அதற்குச் சற்று மேற்கே, போர்ட் பிளேர் பத்துப் பாகை கிழக்கே. பாகைக்கு 4 நிமிடம் வீதம் அங்கே சூரியன் நமக்கு 50 நிமிடம் முன்பே உதித்து, முன்பே மறைகிறது. சென்னைப் பள்ளிவாசல் கால அட்டவணையை அங்கே கொண்டுபோய்ப் பார்த்து ஸஹர் செய்தால் ஃபஜ்ர் நேரம் கடந்திருக்கும்.

மாலை வேளையில் பறப்பவர் இரண்டு ஊரின் நேரத்தையும் பார்க்காமல், ஜன்னலைப் பார்க்க வேண்டும். 10 கி.மீ. உயரத்தில் தொடுவானம் தாழ்ந்து தெரிவதால், கீழே இருப்பவருக்கு மறைந்த சூரியன் மேலே பத்து நிமிடத்துக்கும் அதிகமாகத் தெரியும். தம் கண்ணுக்கு மறைந்த பிறகே நோன்பு திறப்பது என்பது உலமாக்களின் விளக்கம்.

கஸ்ர் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். எந்த மத்ஹபின் கணக்குக்கும் இது பயண தூரம்தான். எத்தனை நாள் தங்குகிறோம் என்பதில் மட்டும் மத்ஹபுக்கு மத்ஹப் சட்டம் மாறும், உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.